கத்தரியின் வளர்ச்சி இயல்புகள் எவ்வாறு மரபுரிமையாகின்றன: மலையகத்தில் இனவிருத்தி செய்வோருக்கான முழுமையான வழிகாட்டி

இலங்கையின் மலையகத்தில், கம்பளையிலோ பதுளையிலோ சாய்நிலத்தைத் தட்டுத் தட்டாக வெட்டி அமைத்த கத்தரித் தோட்டம் ஒன்றைப் பார்த்தால், கீழ்த்தட்டில் நிற்கும் செடிகள் மேல்தட்டுச் செடிகளைவிட உயரமாகவும் தண்டு பருத்தும் இருப்பதைப் பெரும்பாலும் காணலாம். மழைநீர் மேல்மண்ணை அரித்துக் கீழே சேர்த்திருப்பதும் அங்கு ஈரம் நெடுநாள் நிற்பதும் அதற்குக் காரணங்கள். தோட்டத்திலேயே செழிப்பான செடி என்று அதிலிருந்து விதை எடுத்து அடுத்த போகத்தில் விதைப்பவர், அந்தச் செழிப்பு விதையோடு வரும் என்று எதிர்பார்க்கிறார். அது மண்ணினால் வந்த செழிப்பாயின் விதையோடு வராது. இனவிருத்தியில் ஈடுபடுபவரின் முதற் கடமை, ஒரு செடியின் வளர்ச்சியில் எந்தப் பங்கு பரம்பரையலகுகளுக்கு உரியது, எந்தப் பங்கு நிலத்துக்கும் வானிலைக்கும் உரியது என்பதைப் பிரித்தறிவதாகும். சமதரையைவிட மலைச்சரிவில் இந்தப் பிரிப்பு கடினமானது. அதனாலேயே இங்கு அதற்குக் கூடுதல் கவனம் தேவைப்படுகிறது.

இந்த வழிகாட்டி, குட்டையான ஒரு கத்தரி வழியையும் (வழி என்பது ஒரே பரம்பரையில் வந்த செடித்தொகுதி) உயரமான ஒரு வழியையும் கலந்து, ஆறு தலைமுறைகளை உருவாக்கி, அவற்றை ஒரே நிலத்தில் வளர்த்து அளந்து, உயரம் போன்ற இயல்புகளின் மரபுத்திறனை, அதாவது செடிகளின் வேறுபாட்டில் பரம்பரைக்கு உரிய பங்கை, கணித்து, அந்தக் கணிப்பைக் கொண்டு தெரிவு செய்வது வரையுள்ள வேலையை வரிசையாக விளக்குகிறது. விவசாயக் கல்லூரி மாணவர்களும், விவசாய ஆசிரியர்களும், சொந்தமாக விதை எடுத்துப் பேணும் தோட்டக்காரர்களும் இதைச் செய்யலாம். பெரிய ஆய்வுக்கூடம் தேவையில்லை. ஏறக்குறைய 10 பேர்ச் நிலம், ஒரு வேர்ணியர் இடுக்கி, நுண்முனைச் சாமணம், காகித உறைகள், ஒழுங்காக எழுதப்படும் ஒரு குறிப்பேடு ஆகியவை போதும்.

வேலையைத் தொடங்குமுன் அறிந்திருக்க வேண்டியவை

கத்தரியின் உடற்கலங்களில் 24 நிறமூர்த்தங்கள், அதாவது 12 சோடிகள், உள்ளன. அதன் பூவில் ஆண், பெண் உறுப்புகள் இரண்டும் இருப்பதால் பெரும்பாலும் தன்மகரந்தச் சேர்க்கையே நிகழ்கிறது. ஆயினும் தச்சுத்தேனீ போன்ற பெரிய தேனீக்கள் பூவை அதிரச் செய்து மகரந்தத்தைக் கொண்டுசெல்வதால், அயன்மகரந்தச் சேர்க்கையும் புறக்கணிக்க முடியாத அளவில் நடைபெறுகிறது. பக்கத்து வீட்டுத் தோட்டத்தில் வேறொரு கத்தரி நிற்குமானால், உறையிடாமல் எடுத்த விதை தூய விதை என்று யாரும் உறுதி கூற முடியாது.

காயின் ஊதா நிறம், இலையிலும் புல்லியிலும் உள்ள முள் போன்ற இயல்புகள் சில பரம்பரையலகுகளால் மட்டும் ஆளப்படுகின்றன. பெரும்பாலான கலப்புகளில் ஊதா பச்சைக்கும், முள்ளுடைமை முள்ளின்மைக்கும் ஆட்சியாக இருக்கும்; இரண்டும் கலந்தால் ஆட்சியானதே வெளித்தெரியும். இவற்றை மெண்டல் 1866ஆம் ஆண்டு பட்டாணியில் எடுத்துக்காட்டிய முறையில் செடிகளை எண்ணியே விளங்கிக்கொள்ளலாம். செடியின் உயரம், தண்டின் பருமன், கிளைகளின் எண்ணிக்கை, இலைப்பரப்பு, பூக்கும் காலம் ஆகியவை அப்படிப்பட்டவை அல்ல. இவை ஒவ்வொன்றையும் பல பரம்பரையலகுகள் சிறிது சிறிதாக ஆள்கின்றன. அவற்றின் மேல் சூழலும் தன் பங்கைச் சேர்க்கிறது. ஆகவே குட்டை, உயரம் என்று இரண்டு வகுப்புகளாகச் செடிகள் பிரிந்து நிற்பதில்லை. குட்டையிலிருந்து உயரம் வரை இடைவெளியின்றித் தொடர்கின்றன. இத்தகைய அளவுசார் இயல்புகளும் மெண்டலின் விதிகளுக்கு உட்பட்டவையே என்பதையும், அவற்றின் மாறற்றிறனை, அதாவது செடிக்குச் செடி காணும் வேறுபாட்டின் அளவை, கூறுகளாகப் பிரிக்கலாம் என்பதையும் 1918இல் புள்ளியியலாளர் றொனால்ட் பிஷர் கணிதவழியில் நிறுவினார். நாம் செய்யவிருப்பது அந்தப் பிரிப்பைத்தான்.

கத்தரியின் கலப்பு வீரியம், அதாவது கலப்புச் செடி பெற்றாரின் சராசரியை விஞ்சி வளரும் இயல்பு, 1920களிலேயே ஜப்பானில் பயன்படுத்தப்பட்டது. நமது விவசாயத் திணைக்களம் வெளியிட்ட அமந்தா, அஞ்சலி ஆகியவையும் எஃப்1 கலப்பினங்களே, அதாவது இரு வழிகளைக் கலந்து பெற்ற முதல் தலைமுறையே. அவற்றின் காயிலிருந்து விதை எடுத்து நட்டால் செடிகள் ஒன்றுபோல் வராமல் ஏறியும் இறங்கியும் நிற்பதைப் பலர் கண்டிருப்பர். விதை கெட்டுப்போனதால் அப்படி ஆவதில்லை. எஃப்1 தன்மகரந்தச் சேர்க்கையால் தரும் எஃப்2 தலைமுறையில் பரம்பரையலகுகள் பிரிந்து புதிதாகச் சேர்வதே காரணம். இந்தப் பிரிவையே நாம் திட்டமிட்டு உண்டாக்கி அளக்கப் போகிறோம்.

முதற் படி: நிலத்தின் உயரத்தையும் பருவத்தையும் தீர்மானித்தல்

கத்தரி வெப்பத்தை விரும்பும் பயிர். ஏறத்தாழ 22 முதல் 30 பாகை செல்சியஸ் வரையான வெப்பநிலையில் அது நன்றாக வளர்கிறது. இரவு வெப்பநிலை 15 பாகைக்குக் கீழே இறங்கினால் வளர்ச்சி தளர்வதோடு மகரந்தமணிகளின் வீரியமும் குறைகிறது. ஒவ்வொரு 100 மீற்றர் ஏற்றத்துக்கும் வெப்பநிலை ஏறக்குறைய 0.65 பாகை குறைகிறது. ஆகவே 500 மீற்றர் அளவில் உள்ள கண்டிக்கும் 1,230 மீற்றர் அளவில் உள்ள பண்டாரவளைக்கும் இடையே நான்கைந்து பாகை வேறுபாடு இருக்கும். 1,870 மீற்றர் அளவில் உள்ள நுவரெலியாவின் குளிர் இப்பயிருக்கு ஒவ்வாது. கம்பளை, மாத்தளை, ஹங்குராங்கெத்த, பதுளை போன்ற நடுத்தர உயரப் பகுதிகள் இந்த ஆய்வுக்கு ஏற்றவை. பண்டாரவளையில் செய்வதானால், செடிகள் பூக்கும் காலம் ஆண்டின் குளிர்மிக்க மாதங்களில் விழாதபடி விதைப்பை அமைத்துக்கொள்ள வேண்டும்.

நிலத்தைத் தெரிவு செய்யும்போது அதன் பயிர் வரலாற்றையும் விசாரிக்க வேண்டும். உருளைக்கிழங்கு, தக்காளி, மிளகாய் ஆகியவை அண்மையில் பயிரிடப்பட்ட மண்ணில் பற்றீரிய வாடல் நோய் தங்கியிருக்கக்கூடும். வாடலில் செடிகள் விழுந்துவிட்டால் தலைமுறைகளின் எண்ணிக்கை குலைவதோடு, நோய்க்குத் தாங்கிய செடிகள் மட்டுமே எஞ்சி நின்று கணக்கையும் திரித்துவிடும். வாடலுக்குத் தப்பச் சுண்டங்கத்தரி வேர்த்தண்டில் ஒட்டுக்கட்டுவது விளைச்சலுக்கு நல்ல வழி. ஆனால் வேர்த்தண்டு மேற்செடியின் வளர்ச்சியை மாற்றுமாகையால் மரபுரிமையை அளக்கும் வேலையில் அதைச் சேர்க்கக் கூடாது.

இரண்டாம் படி: பெற்றார்களைத் தெரிதல்

அளக்க விரும்பும் இயல்பில் தெளிவாக வேறுபடும் இரு வழிகள் தேவை. பதகொட, லேன இரி, திருநெல்வேலி ஊதா போன்ற பரிந்துரைக்கப்பட்ட வகைகளிலிருந்தும், வீட்டுத் தோட்டங்களில் தலைமுறைகளாகப் பேணப்பட்டுவரும் நாட்டுக் கத்தரிகளிலிருந்தும் தெரிந்துகொள்ளலாம். கன்னொறுவையில் உள்ள தாவரப் பிறப்புரிமை வளங்கள் நிலையம் உள்நாட்டு விதைத் தொகுப்புகளைப் பேணிவருகிறது. கல்வி நிறுவனத்தின் வழியாக ஆய்வு செய்பவர்கள் அங்கு விசாரிப்பது நன்று. எஃப்1 கலப்பினங்களைப் பெற்றாராக எடுக்கவே கூடாது. பெற்றார் தூய வழியாக, அதாவது செடிக்குச் செடி பரம்பரை வேறுபாடு அற்றதாக, இல்லாவிட்டால், பின்னர் சூழல் மாறற்றிறன் என்று நாம் கொள்ளும் எண்ணில் பரம்பரை வேறுபாடும் கலந்துவிடும். அதன் பிறகு எந்தக் கணிப்பும் நம்பத்தக்கதாக இராது. வீட்டுத் தோட்டத்து விதையை எடுத்தால், பூக்களை உறையிட்டு இரண்டு மூன்று தலைமுறைகள் தன்மகரந்தச் சேர்க்கை செய்து, செடிகள் ஒரே சீராக வருவதைக் கண்ட பின்னரே கலப்புக்கு எடுக்க வேண்டும்.

இங்கே ஒரு நுட்பத்தை அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். நாற்றின் வித்திலைக்குக் கீழுள்ள தண்டு சில வழிகளில் ஊதாவாகவும் சில வழிகளில் பச்சையாகவும் இருக்கும், ஊதாவே ஆட்சியானது. பச்சைத் தண்டு வழியைத் தாயாகவும் ஊதாத் தண்டு வழியைத் தந்தையாகவும் அமைத்தால், கலப்பு விதையிலிருந்து முளைக்கும் நாற்றுகள் அனைத்தும் ஊதாவாக இருக்க வேண்டும். பச்சையாக முளைப்பது, ஆணகற்றல் (தாய்ப் பூவின் மகரந்தக்கூடுகளை நீக்குதல்) சரியாக நடவாமல் தாய் தன் மகரந்தத்தையே ஏற்றதன் அடையாளம். அதை நாற்றுமேடையிலேயே பிடுங்கிவிடலாம். குட்டை, உயரம் என்ற வேறுபாட்டோடு இந்த நிற வேறுபாடும் உள்ள சோடி கிடைக்குமாயின், அதற்காகச் சிறிது காத்திருப்பதுகூடத் தகும்.

மூன்றாம் படி: கலப்புச் செய்தல்

கத்தரிப் பூக்கள் எல்லாம் ஒரே அமைப்புடையவை அல்ல. தம்பம் நீண்டு, குறி மகரந்தக்கூடுகளுக்கு மேலே தெரியும் பூக்களும், குறி மகரந்தக்கூட்டின் மட்டத்திலேயே நிற்கும் பூக்களும் நன்கு காய்க்கின்றன. குறி மகரந்தக்கூடுகளுக்குள் தாழ்ந்து கிடக்கும் குறுந்தம்பப் பூக்கள் பெரும்பாலும் உதிர்ந்துவிடும். தாய்ப் பூவாக நீள்தம்பப் பூவையே எடுக்க வேண்டும். அதில் மகரந்தக்கூடுகளை அகற்றுவதும் எளிது.

மறுநாட் காலையில் விரியவிருக்கும் அரும்பை முந்திய மாலையில் தெரிந்துகொள்க. அது பருத்து, நுனியில் நிறம் ஏறி, இதழ்கள் இன்னும் மூடியிருக்கும். சாமணத்தால் இதழ்களை மெல்ல விலக்கி, மகரந்தக்கூடுகளை அடியிலிருந்து ஒவ்வொன்றாக எடுத்துவிட வேண்டும். கத்தரியின் மகரந்தக்கூடு நுனித்துளை வழியாகவே மகரந்தத்தை வெளிவிடுவதால், அதை நசுக்காமல் எடுப்பது முக்கியம். தம்பத்தில் கீறல் விழுந்தால் பூ உதிரும். பின்னர் காகித உறையால் மூடி, நூலால் தளர்வாகக் கட்டி, நாள் குறித்த அட்டையைத் தொங்கவிடுக. தந்தைச் செடியின் அரும்புகளையும் அன்று மாலையே உறையிட்டால்தான், மறுநாள் அவற்றில் வேற்று மகரந்தம் ஒட்டியிராது.

மறுநாட் காலை, பனி உலர்ந்த பின், தந்தைப் பூவின் மகரந்தக்கூடுகளை நீளவாட்டில் பிளந்து, மகரந்தத்தைச் சிறு தூரிகையாலோ ஊசிமுனையாலோ எடுத்துக் குறியின் மேல் தடவுக. மேற்குச் சரிவுகளில் மழைமூட்டமும் பனிமூட்டமும் உள்ள காலைகளில் மகரந்தம் கட்டிபட்டு ஒட்டிக்கொள்ளும். அத்தகைய நாட்களில் தந்தைப் பூக்களைப் பறித்து வீட்டினுள் உலர்வான இடத்தில் சிறிது நேரம் வைத்த பின் பயன்படுத்தினால் பலன் கிடைக்கும். உறையைத் திரும்ப மூடிச் சில நாட்களுக்குப் பின், காய் பிடித்ததும் நீக்கிவிடலாம். ஒரு செடியில் நாலைந்து கலப்புக் காய்களுக்கு மேல் விடாமல், மற்றப் பூக்களைக் கிள்ளிவிட்டால் விதை நன்கு முற்றும்.

காய் முற்றி மஞ்சள் அல்லது பழுப்பு நிறமாவதற்கு ஏறக்குறைய 50 முதல் 60 நாட்கள் செல்லும். குளிர்ந்த இடத்தில் இன்னும் சற்றுக் கூடலாம். பறித்த பழத்தைச் சில நாட்கள் வைத்துக் கனியவிட்டு, பிசைந்து நீரில் அலசி, மிதப்பவற்றை ஒதுக்கி, அடியில் தங்கும் விதையை நிழலில் உலர்த்துக. ஒரு பழத்தில் நூற்றுக்கணக்கான விதைகள் இருக்குமாதலால் அளவு ஒரு தடையாக இராது.

நான்காம் படி: ஆறு தலைமுறைகளை ஒன்றுசேர்த்தல்

முதற் பருவத்தில் குட்டை வழியையும் உயர வழியையும் கலந்து எஃப்1 விதையைப் பெறுகிறோம். இரண்டாம் பருவத்தில் எஃப்1 செடிகளின் பூக்களை உறையிட்டுத் தன்மகரந்தச் சேர்க்கையால் எஃப்2 விதையையும், எஃப்1ஐக் குட்டைப் பெற்றாரோடு கலந்து முதற் பின்கலப்பு விதையையும், உயரப் பெற்றாரோடு கலந்து இரண்டாம் பின்கலப்பு விதையையும் பெறுகிறோம். அதே பருவத்தில் பெற்றார் இரண்டையும் உறையிட்டு விதை எடுப்பதோடு, எஃப்1 கலப்பையும் மீண்டும் ஒருமுறை செய்ய வேண்டும். இது வீண் உழைப்பாகத் தோன்றலாம். ஆனால் பழைய விதையும் புதிய விதையும் ஒரே வேகத்தில் முளைப்பதில்லை; விதையின் வயதால் வரும் வேறுபாடு இளநாற்றின் உயரத்தில் அப்படியே தெரியும். ஆறு தலைமுறை விதைகளும் ஒரே பருவத்தில், ஒரே தோட்டத்தில் முற்றியவையாக இருக்க வேண்டும்.

விதையிலிருந்து விதை வரை ஐந்தாறு மாதங்கள் ஆவதால், மூன்றாம் பருவமாகிய ஆய்வுப் பருவமும் முடிய ஒன்றரை ஆண்டு போதும். பெற்றாரைத் தூய்மைப்படுத்தும் காலம் இதில் அடங்காது.

ஐந்தாம் படி: சரிவு நிலத்தில் நடுகை அமைப்பு

இந்த வேலை முழுவதிலும் மலையகத்தவர் மிகுந்த கருத்தைச் செலுத்த வேண்டிய இடம் இதுவே. பெற்றாரும் எஃப்1உம் தமக்குள் பரம்பரை வேறுபாடு அற்றவை. ஆகவே அவற்றை அதிக எண்ணிக்கையில் நட வேண்டியதில்லை. எஃப்2இல் வேறுபாடு மிக அதிகம். அதற்குச் செடிகள் மிகுதியாக வேண்டும். மூன்று தொகுதிகளாகப் பிரித்து, ஒவ்வொரு தொகுதியிலும் பெற்றார் இரண்டிலும் எஃப்1இலும் தலைக்கு 10, பின்கலப்பு இரண்டிலும் தலைக்கு 30, எஃப்2இல் 60 என 150 செடிகள் நடுவது நடைமுறைக்கு ஏற்றது. மொத்தம் 450 செடிகள். வரிசைக்கு வரிசை 90 சென்ரிமீற்றரும் செடிக்குச் செடி 60 சென்ரிமீற்றரும் விட்டால், 243 சதுர மீற்றர், அதாவது ஏறக்குறைய 10 பேர்ச் நிலம் பிடிக்கும். ஓர வரிசைகளுக்கு மேலும் சிறிது இடம் வேண்டும்.

ஒவ்வொரு தொகுதியும் சரிவுக்குக் குறுக்காக, சமவுயரக் கோட்டை ஒட்டி, ஒரே தட்டிலோ அடுத்தடுத்த ஒத்த தட்டுகளிலோ அமைய வேண்டும். மேலிருந்து கீழாக ஒரு தொகுதியை நீட்டினால், மேல்தட்டின் மெலிந்த மண்ணும் கீழ்த்தட்டின் ஆழ்ந்த மண்ணும் ஒரே தொகுதிக்குள் வந்துவிடும். ஒரு தொகுதிக்குள் ஆறு தலைமுறைகளையும் குலுக்குச்சீட்டுப் போட்டு இடம் ஒதுக்குக. எஃப்2இன் 60 செடிகளை ஒரே இடத்தில் குவிக்காமல், பத்துப் பத்தாகப் பிரித்து மற்றத் தலைமுறைகளுக்கு இடையே பரப்ப வேண்டும். இப்படிச் செய்தால்தான் பெற்றார் அனுபவிக்கும் அதே மண்வேறுபாட்டை எஃப்2உம் அனுபவிக்கும். இல்லாவிட்டால் மண்ணின் ஏற்றத்தாழ்வை எஃப்2இன் பரம்பரை வேறுபாடு என்று நாம் தவறாக வாசிப்போம். தோட்டத்து ஓரத்தில் நிழல்மரமோ தேயிலை வரிசையோ இருந்தால், அந்தப் பக்கத்தில் இரண்டு ஓர வரிசைகளை நட்டு அவற்றை அளவில் சேர்க்காது விடுக.

நாற்றுமேடையில் எல்லாத் தலைமுறைகளையும் ஒரே நாளில் விதைக்க வேண்டும். நான்கு முதல் ஆறு வாரங்களில் நாற்று நடுகைக்குத் தயாராகும். அப்போது வளர்ந்த நாற்றுகளை மட்டும் பொறுக்கி நடும் பழக்கம் நம் எல்லோருக்கும் உண்டு. இந்த ஆய்வில் அதைக் கண்டிப்பாகத் தவிர்க்க வேண்டும். எஃப்2இல் சிறிய நாற்றை ஒதுக்குவது, அளக்கும் முன்பே குட்டைக்குரிய பரம்பரையலகுகளை ஒதுக்குவதாகும்.

ஆறாம் படி: எதை, எப்போது, எவ்வாறு அளப்பது

உயரத்தை நிலமட்டத்திலிருந்து அளப்பதே வழக்கம். ஆனால் நமது நிலத்தில் நிலமட்டம் நிலையாக இருப்பதில்லை; ஒரு கனமழையில் ஒரு செடியின் அடிமண் அரிபட்டுப் போகும், கீழுள்ள செடியின் அடியில் மண் சேரும், பின்னர் நாமும் மண் அணைப்போம். ஆகவே வித்திலைகள் விழுந்த தழும்பை அடிப்புள்ளியாகக் கொள்க. மண் அணைக்குமுன் அத்தழும்பின் மட்டத்துக்கு ஒரு முளைக்கம்பை நட்டு, கம்பில் அடையாளமிட்டால் பின்னரும் அதே புள்ளியிலிருந்து அளக்கலாம்.

நடுகைக்குப் பின் 30, 60, 90ஆம் நாட்களில் உயரத்தையும், வித்திலைத் தழும்புக்கு 2 சென்ரிமீற்றர் மேலே தண்டின் விட்டத்தையும் குறிக்க வேண்டும். முதற் பூ விரிந்த நாளோடு, அது எத்தனையாவது கணுவுக்கு மேல் தோன்றியது என்பதையும் எழுதுக. நாட்கணக்கு வெப்பநிலையோடு பெரிதும் மாறும்; கணுக்கணக்கு அந்த அளவுக்கு மாறாது. வெவ்வேறு உயரங்களில் எடுத்த முடிவுகளை ஒப்பிட விரும்புவோருக்கு இரண்டாவதே பயன்மிக்கது என்பது என் கருத்து.

உயரம் என்பது இரண்டு இயல்புகளின் பெருக்கம்: கணுக்களின் எண்ணிக்கையும் கணுவிடையின் நீளமும். நிழலில் வளர்ந்த செடியில் கணுவிடை நீளும். கணுக்களின் எண்ணிக்கை கூடுவதில்லை. ஆகவே இரண்டையும் தனித்தனியே குறித்து வைத்தால், உயரமான செடி உண்மையில் வீரியமுள்ளதா அல்லது ஒளியைத் தேடி நீண்டதா என்பது விளங்கும்.

கிளைகளை எண்ணும்போது தண்டு, காய் துளைப்பான் புழுவை மனத்தில் கொள்ள வேண்டும். அது குருத்தைத் துளைத்து வாடச் செய்ததும் கீழுள்ள கணுக்களிலிருந்து பக்கக்கிளைகள் எழும். அந்தக் கிளைகள் புழுவினால் வந்தவை. பரம்பரையால் வந்தவை அல்ல. தாக்குண்ட செடிகளைக் குறிப்பேட்டில் தனி அடையாளமிட்டு, கிளை, உயரம் ஆகிய கணக்குகளிலிருந்து விலக்குக. வாடிய செடியின் தண்டை வெட்டித் தெளிந்த நீரில் தொங்கவிட்டால் பால்போன்ற இழை இறங்குவது பற்றீரிய வாடலைக் காட்டும். அத்தகைய செடியை வேரோடு அகற்றி, எந்தத் தலைமுறையைச் சேர்ந்தது என்று எழுதிவைக்க வேண்டும்.

ஏழாம் படி: கணிப்பு

ஒவ்வொரு தலைமுறைக்கும் இடையையும் (சராசரியையும்) மாறற்றிறனையும் காண்க. ஒவ்வொரு செடியின் அளவும் இடையிலிருந்து எவ்வளவு விலகுகிறது என்பதை வர்க்கித்துக் கூட்டி, செடிகளின் எண்ணிக்கையில் ஒன்றைக் கழித்து வரும் எண்ணால் வகுத்தால் மாறற்றிறன் கிடைக்கும். தொகுதிகளுக்கிடையேயான வேறுபாடு இதில் கலவாதிருக்க, மாறற்றிறனைத் தொகுதிவாரியாகக் கண்டு பின்னர் சராசரி எடுப்பது நன்று.

முறையை விளக்குவதற்காக மட்டும் சில எண்களை எடுத்துக்கொள்வோம். 90ஆம் நாள் உயரத்தின் இடை, குட்டைப் பெற்றாரில் 60 சென்ரிமீற்றர், உயரப் பெற்றாரில் 100, எஃப்1இல் 92, எஃப்2இல் 86, முதற் பின்கலப்பில் 76, இரண்டாம் பின்கலப்பில் 96 என்க. மாறற்றிறன்கள் அதே வரிசையில் 30, 42, 36, 120, 84, 90 என்க.

பெற்றார் இடைகளின் நடுப்புள்ளி 80. எஃப்1 அதைவிட 12 சென்ரிமீற்றர் உயர்ந்திருப்பதால், நடுப்புள்ளியைக் கொண்டு பார்த்தால் 15 சதவீதக் கலப்பு வீரியம் உள்ளது. ஆனால் உயரப் பெற்றாரோடு ஒப்பிட்டால் எஃப்1 8 சதவீதம் தாழ்ந்தே நிற்கிறது. நடுப்புள்ளிக்கும் உயரப் பெற்றாருக்கும் இடையே உள்ள 20 சென்ரிமீற்றரில் எஃப்1 12ஐ எட்டியிருக்கிறது. ஆட்சியின் அளவு 0.6. உயரம் ஓரளவு ஆட்சியானது, முழுமையாக அல்ல என்பது இதன் பொருள்.

அடுத்து, வெவ்வேறு இடங்களில் உள்ள பரம்பரையலகுகள் ஒன்றையொன்று பாதிக்கின்றனவா என்று சோதிக்க வேண்டும். அத்தகைய இடைத்தாக்கம் இல்லையெனில், முதற் பின்கலப்பின் இடை, எஃப்1க்கும் குட்டைப் பெற்றாருக்கும் நடுவே, அதாவது 76இல் இருக்கும். இரண்டாம் பின்கலப்பின் இடை 96இல் இருக்கும். எஃப்2இன் இடை, பெற்றார் இருவரையும் எஃப்1இன் இருமடங்கையும் கூட்டி நான்கால் வகுத்த 86இல் இருக்கும். நமது எண்கள் மூன்றும் பொருந்துகின்றன. உண்மையான தோட்டத்தில் இவ்வளவு பொருத்தம் வராது. விலகல் எவ்வளவு வரை பொறுக்கத்தக்கது என்பதை நியம வழுவே (தற்செயலால் எண் எவ்வளவு தடுமாறும் என்பதன் அளவு) தீர்மானிக்கும். முதற் பின்கலப்பின் இடை 80ஆக வந்திருந்தால், அதன் இருமடங்கிலிருந்து குட்டைப் பெற்றாரையும் எஃப்1ஐயும் கழிக்க 8 மீதமாகும். ஒவ்வொரு தலைமுறையின் மாறற்றிறனையும் அதன் செடி எண்ணிக்கையால் வகுத்து, பின்கலப்பினுடையதை நான்கால் பெருக்கி, மூன்றையும் கூட்டினால், 90, 30, 30 செடிகளுக்கு 5.93 வரும், அதன் வர்க்கமூலம் 2.44. விலகல் இந்த வழுவைப் போல் இரு மடங்குக்கு மேல் இருப்பதால் இடைத்தாக்கம் உண்டு என்று கொள்ள வேண்டும். அந்நிலையில், எல்லா அளவுகளையும் மடக்கையாக மாற்றி ஒருமுறை கணித்துப் பார்ப்பது நல்லது. உயரம் பெருக்கத்தால் அமையும் இயல்பு என்பதால், மடக்கை அளவில் பல விலகல்கள் மறைந்துவிடும். அப்போதும் மறையாவிட்டால், கீழே வரும் பிரிப்பை எச்சரிக்கையோடு வாசிக்க வேண்டும்.

இனி மாறற்றிறனைப் பிரிப்போம். பெற்றாரும் எஃப்1உம் தமக்குள் காட்டும் வேறுபாடு முழுவதும் சூழலுக்கு உரியது. 30, 42, 36 ஆகியவற்றின் சராசரி 36. எஃப்2இன் 120இலிருந்து இதைக் கழித்தால் 84 பரம்பரைக்கு உரியது. 84ஐ 120ஆல் வகுக்க 0.70, இது அகன்ற பொருளிலான மரபுத்திறன். இந்த எண்ணோடு நின்றுவிடுபவர்கள் பலர். தெரிவு செய்பவருக்கு அது போதாது. பரம்பரை மாறற்றிறனில் ஆட்சியால் வந்த பங்கு, தூய வழியை நோக்கிச் செல்லும்போது நிலைத்து நிற்காது. நிலைப்பது, பரம்பரையலகுகள் தனித்தனியே சேர்க்கும் கூட்டு விளைவே. எஃப்2இன் மாறற்றிறனை இருமடங்காக்கி, இரு பின்கலப்புகளின் மாறற்றிறன்களையும் கழித்தால் கூட்டு மாறற்றிறன் கிடைக்கும்: 240இலிருந்து 174 போக 66. இதை 120ஆல் வகுக்க 0.55, இது குறுகிய பொருளிலான மரபுத்திறன். எஞ்சிய 18 ஆட்சிக்கு உரியது.

பெற்றாரை வேறுபடுத்தும் பரம்பரையலகுகள் குறைந்தது எத்தனை என்றும் தோராயமாக அறியலாம். பெற்றார் வேறுபாடாகிய 40இன் வர்க்கம் 1,600. அதை 84இன் எட்டு மடங்கால் வகுக்க 2.4 வரும். பரம்பரையலகுகளின் விளைவுகள் சமம் என்றும் அவை ஒன்றோடொன்று பிணைந்து மரபுரிமையாவதில்லை என்றும் கருதிய கணிப்பு இது. உண்மையான எண்ணிக்கை பெரும்பாலும் இதைவிடக் கூடுதலாகவே இருக்கும். எண்ணிக்கையைவிட, இவ்வியல்பு ஒரே பரம்பரையலகால் ஆளப்படவில்லை என்ற முடிவே நமக்கு வேண்டியது.

எட்டாம் படி: முடிவை வாசித்துத் தெரிவு செய்தல்

குறுகிய பொருளிலான மரபுத்திறன் 0.5க்கு அண்மையிலோ மேலாகவோ இருந்தால், எஃப்2இலேயே தனிச்செடித் தெரிவைத் தொடங்கலாம். அகன்ற மரபுத்திறன் உயர்ந்து, குறுகியது மிகத் தாழ்ந்திருந்தால், வீரியம் ஆட்சியில் தங்கியிருக்கிறது. அத்தகைய இயல்புக்குக் கலப்பின விதையே ஏற்ற வழி. இரண்டும் தாழ்ந்திருந்தால், எஃப்2இல் கண்ணுக்கு அழகான செடியைப் பொறுக்குவதில் பயனில்லை. ஒவ்வொரு செடியிலிருந்தும் ஒரு விதை வீதம் முன்னெடுத்துச் சென்று, வழிகள் தூய்மையடைந்த பின் அவற்றைக் குடும்பங்களாக ஒப்பிட வேண்டும். கிளைகளின் எண்ணிக்கைக்கும் விளைச்சலுக்கும் இந்தப் பொறுமை தேவைப்படக்கூடும் என்பதை எதிர்பார்த்தே திட்டமிடுக.

நமது எடுத்துக்காட்டில், எஃப்2இன் உயரமான 10 சதவீதச் செடிகளைத் தெரிவதாகக் கொள்வோம். இதற்கான தெரிவுச் செறிவு, அதாவது தெரிந்த செடிகளின் இடை முழு எஃப்2இன் இடையைவிட எத்தனை நியம விலகல் மேலே நிற்கிறது என்ற எண், 1.755; எஃப்2இன் நியம விலகல், 120இன் வர்க்கமூலமாகிய 10.95. இவ்விரண்டையும் 0.55ஐயும் பெருக்க 10.6 சென்ரிமீற்றர் முன்னேற்றம் எதிர்பார்க்கலாம். ஆனால் இதை எஃப்2இன் இடையாகிய 86உடன் கூட்டக் கூடாது. தன்மகரந்தச் சேர்க்கையால் ஆட்சியின் பயன் தலைமுறைக்குத் தலைமுறை பாதியாகக் குறைவதால், தெரிவே செய்யாவிட்டாலும், எஃப்2இன் விதையிலிருந்து வரும் எஃப்3இன் இடை 83க்கு இறங்கும். ஆகவே எஃப்3இல் ஏறக்குறைய 94 சென்ரிமீற்றரை எதிர்பார்ப்பதே நேர்மையான, சற்று எச்சரிக்கையான மதிப்பீடு. இந்த இறக்கத்தை அறியாதவர்கள், தெரிவு தோற்றுவிட்டது என்று எண்ணி நல்ல வழிகளைக் கைவிடுகிறார்கள்.

உயரம் மட்டுமே இலக்காக இருக்க வேண்டியதில்லை. காற்று வீசும் திறந்த சரிவுகளில், கணுவிடை குறுகி, தண்டு பருத்து, தாழ்ந்த கணுவில் பூக்கும் செடியே நிலைத்து நின்று காய்க்கும் என்பதால், ஊவாப் பக்கத்துத் தோட்டக்காரர்களுக்கு எதிர்த்திசைத் தெரிவையே பரிந்துரைப்பேன். அதே கணிப்பு அங்கும் பொருந்தும். பெருக்கத்தொகையைக் கூட்டுவதற்குப் பதிலாகக் கழிக்க வேண்டும் என்பது மட்டுமே வேறுபாடு.

ஒன்பதாம் படி: எஃப்3இல் சரிபார்த்தல்

தெரிந்த செடிகளின் தன்மகரந்தச் சேர்க்கை விதைகளைக் கலக்காமல், செடிக்கு ஒரு குடும்பமாகத் தனித்தனியே விதைக்க வேண்டும். அவற்றோடு, தெரிவு செய்யாமல் எஃப்2இல் குலுக்கல் முறையில் எடுத்த சில செடிகளின் குடும்பங்களையும் ஒப்பீட்டுக்காக நடுக. இரண்டுக்கும் இடையேயான வேறுபாட்டை, எஃப்2இல் தெரிந்த செடிகளின் இடைக்கும் முழு எஃப்2இன் இடைக்கும் இருந்த வேறுபாட்டால் வகுத்தால், அடையப்பெற்ற மரபுத்திறன் கிடைக்கும். நமது எடுத்துக்காட்டில் தெரிவு வேறுபாடு 19.2 சென்ரிமீற்றர், எஃப்3இல் தெரிந்த குடும்பங்கள் ஒப்பீட்டுக் குடும்பங்களைவிட 11 சென்ரிமீற்றர் உயர்ந்திருந்தால், மரபுத்திறன் 0.57 என்று வந்து, முன்கணிப்போடு ஒத்துநிற்கும். அது 0.2 அளவில் மட்டுமே வந்தால், எஃப்2இன் நடுகையில் மண்வேறுபாடு புகுந்திருந்ததா என்று தொகுதிவாரியான எண்களைத் திரும்பப் பார்க்க வேண்டும்.

மரபுத்திறன் ஒரு பயிருக்கு நிரந்தரமாக எழுதப்பட்ட எண் அன்று. அது குறித்த ஒரு கலப்புக்கும், குறித்த ஒரு நிலத்துக்கும், குறித்த ஒரு பருவத்துக்கும் உரியது. கம்பளையில் கண்ட 0.55ஐப் பண்டாரவளைக்கு அப்படியே எடுத்துச் செல்ல முடியாது. ஆகவே எஃப்3 குடும்பங்களின் விதையை இரண்டாகப் பகிர்ந்து, ஒரு பங்கைத் தாழ்ந்த உயரத்திலும் மற்றதை 1,000 மீற்றருக்கு மேற்பட்ட இடத்திலும் ஒரே போகத்தில் நடுவது மிகவும் பயனுள்ளது. இரு இடங்களிலும் குடும்பங்கள் ஒரே தரவரிசையில் நின்றால், ஓரிடத்துத் தெரிவு மற்றதற்கும் செல்லும். வரிசை புரண்டுவிட்டால், குளிரான உயரத்துக்கென்று தனி வழியைத் தெரிந்தெடுக்க வேண்டும். அந்த வழிக்கான விதையையும் அந்த உயரத்தில் நிற்கும் செடிகளிலிருந்தே, உறையிட்ட பூக்களில் எடுக்க வேண்டும்.